ஒத்தப்புளி விலக்குக் கல்

ஆகஸ்ட் 11

ஊருக்குப் பாதை பிரியும் ஒத்தப்புளி விலக்கில் நின்ற கல்லை இன்று எடுத்துவிட்டார்கள். அங்கன்வாடிக்கு அரிசி மூட்டை வாங்கிவிட்டுப் பேருந்திலிருந்து இறங்கும்போது வேலை நடந்துகொண்டிருந்தது. நான்குவழிச் சாலைக்காகப் புளியமரங்களை எல்லாம் எப்போதோ வெட்டிவிட்டார்கள். கல் மட்டும்தான் மிச்சம் நின்றது. ஜேசிபி ஓட்டுகிறவரிடம் யாரோ விவரம் சொல்லியிருக்க வேண்டும். செருப்பைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். ஒரே தட்டு. வேர் இல்லாத கல்தானே, சாய்ந்துவிட்டது. மண்ணோடு சேர்த்து அள்ளி லாரியில் போட்டார்கள்.

எழுத்து எதுவும் இல்லாத கல். செத்துப்போன எங்கள் ஐந்து பேருக்காகக் காலனி ஆட்கள் நட்டது. ஊர்க்காரர்கள் இரண்டு முறை உடைத்தார்கள், இரண்டு முறையும் திரும்ப நட்டோம். இந்த முறை உடைக்கவில்லை, சாலை போடுகிறார்கள். கோபப்பட ஆள் இல்லை.

ஆத்தாவிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 13

ஆத்தாவுக்கு இடுப்புக்குக் கீழே புண் பெரிதாகிக்கொண்டே போகிறது. காலையில் வெந்நீரில் துடைத்து, மருந்து தடவி, இடது பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டுப் போனேன். பக்கத்து வீட்டு ராசாத்தி மதியம் வலது பக்கமாகத் திருப்பிவிடுகிறாள்.

அங்கன்வாடியில் பதினெட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். இன்று முட்டை. செல்லமுத்துவின் பேத்தி மஞ்சள் கருவைத் துப்பிவிட்டது. மாலையில் அழைத்துப் போக வந்த செல்லமுத்து, "சாப்பிடலன்னா விட்டுருங்க டீச்சர், வீட்டுல பாத்துக்கிறோம்" என்றார். சரிங்க என்றேன். மரியாதையாகப் பேசுகிற மனிதர்தான்.

ஆகஸ்ட் 16

ஆண்டிச்சாமி அண்ணன் வந்திருந்தார். செத்துப்போன ஐந்து பேரில் ஒருவரான அடைக்கனின் தம்பி. இத்தனை வருடமும் மனுவைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர் அவர் ஒருவர்தான். வாசலில் நின்றுகொண்டே சொன்னார்.

"கலெக்டர் சரின்னுட்டாரு பஞ்சவர்ணம். புதுசா கல்லு வைக்கிறாங்க. கவர்மெண்டு கல்லு. மினுமினுன்னு கருங்கல்லுல, எழுத்து வெட்டி."

"எங்க வைக்கப் போறாக?"

"அதே வெலக்குல. சர்வீஸ் ரோட்டு ஓரமா. என்ன எழுதணும்னு நம்மளையே எழுதிக் குடுக்கச் சொல்லிட்டாக. நீதான் எழுதணும். நடந்தத நடந்தபடி எழுது. அப்புறம் அதச் சுருக்கிக்கலாம்."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. காலனியில் எல்லா வீட்டுக்கும் சொல்ல வேண்டுமாம்.

ஆகஸ்ட் 17

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

என் இளவயதில் நடந்தது. ஐப்பசி அடைமழை. எங்கள் காலனியில் உடையாள் என்ற கிழவி செத்துப்போனாள். எங்கள் சுடுகாட்டுக்குப் போகும் பாதை கண்மாய்க்குள் இறங்கி ஏறும். கண்மாய் நிறைந்து, பாதையில் கழுத்தளவு தண்ணீர். இரண்டு நாள் காத்திருந்தார்கள். பிணம் தாங்காது என்று ஆனதும், தார்ச்சாலை வழியாக ஊருக்கு முன்னால் எடுத்துப் போவதென்று முடிவு செய்தார்கள். அந்தச் சாலையில் எங்கள் பிணம் போகக் கூடாது என்பது ஊர்க்கட்டு. போலீசில் சொல்லிவிட்டுத்தான் எடுத்தார்கள். போலீஸ் வரவில்லை.

விலக்கில் வழிமறித்தார்கள். அரிவாளும் கம்பும் இருந்தன. பின்னால் வந்தவர்கள் வயலுக்குள் இறங்கி ஓடிவிட்டார்கள். பாடை தூக்கிய நான்கு பேரும் ஓடவில்லை. பாடையைப் போட்டுவிட்டு ஓடினால் கிழவி சேற்றில் விழுவாள். அதற்காக நின்றார்கள். என் அண்ணன் சோணை, அழகு, ராக்கன், அடைக்கன்.

சேவுகனும்.

அவன் உடையாளின் பேரன். முன்னால் கொள்ளிச்சட்டி பிடித்துப் போனவன். அவன் தோளில் சுமை இல்லை. ஓடியிருக்கலாம்.

ஐந்து பேரின் உடல்களையும் எங்களிடம் தரவில்லை. கலவரம் வரும் என்று சொல்லி, பெரியாஸ்பத்திரியிலிருந்து நேராக எடுத்துப் போய் போலீசே எரித்துவிட்டது. எங்கே என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. ஆத்தா அண்ணனின் முகத்தைப் பார்க்கவே இல்லை. பதினாலு பேர் மீது வழக்கு நடந்தது. சாட்சி போதவில்லை என்று எல்லோரையும் விட்டுவிட்டார்கள்.

இவ்வளவுதான்.

ஆகஸ்ட் 19

ஆண்டிச்சாமி அண்ணனும் நானும் உட்கார்ந்து சுருக்கினோம். கடைசியில் வந்தது இது:

"இறந்தவரின் உடலைப் பொதுச்சாலை வழியே சுமந்து சென்றதற்காக இவ்விடத்தில் கொல்லப்பட்ட சோணை, அழகு, ராக்கன், அடைக்கன், சேவுகன் ஆகிய ஐவரின் நினைவாக."

அவர் இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "போதும். ஒரு வார்த்த கூடவும் இல்ல, கொறையவும் இல்ல" என்றார்.

ஆகஸ்ட் 24

ஆத்தாவிடம் சொல்லிவிட்டேன். பழைய கல் போனதையும், புதுக்கல் வரப்போவதையும் சேர்த்தே சொன்னேன். கேப்பைக் கூழ் ஊட்டிக்கொண்டிருந்தேன். வாயிலிருந்ததை விழுங்கிவிட்டுக் கேட்டாள்.

"பேரு இருக்குமா?"

"இருக்கும்."

"சோணை பேரு?"

"அதான் மொதப் பேரு."

"அப்படின்னா அதுவரைக்கும் நான் கெடக்கேன்" என்றாள்.

வெகுநாளைக்குப் பிறகு ஒரு கிண்ணம் கூழ் முழுவதும் இறங்கியது.

செப்டம்பர் 9

தாலுகா அலுவலகத்தில் சமாதானக் கூட்டம். இந்தக் கல்லுக்கு எதற்குச் சமாதானக் கூட்டம் என்று எனக்குப் புரியவில்லை. ஊர்க்காரர்கள் ஆட்சேபணை மனு கொடுத்திருக்கிறார்களாம். அவர்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம், நடுவில் தாசில்தார். இளவயசுப் பெண். எல்லோருக்கும் டீ வரவழைத்தார்.

"'கொல்லப்பட்ட'ங்கிற வார்த்தை வேண்டாமே டீச்சர்" என்றார். "கோர்ட்ல எல்லாரையும் விடுதலை பண்ணிட்டாங்க. கொன்னது யாருன்னு கேள்வி வரும்."

"வரட்டுமே மேடம்."

"வந்தா நான்ல பதில் சொல்லணும்."

அப்போது செல்லமுத்து எழுந்தார். வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட பதினாலு பேரில் ஆறாவது ஆள். இப்போது தலை முழுக்க நரைத்து, ஒரு காலை இழுத்து நடக்கிறார். சத்தமே போடாமல் பேசினார்.

"அந்தக் கேசுல நானும் உள்ள இருந்துட்டு வந்தவன். கோர்ட்டு விட்டுச்சு, வந்தேன். எம் பேத்தி நாளைக்கு அந்த வெலக்குல நின்னுதான் பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஏறணும். அது எழுத்துக் கூட்டிப் படிச்சிட்டு வந்து, யாரு தாத்தா கொன்னதுன்னு கேட்டா, நான் என்ன சொல்ல?"

எனக்குத் தெரிந்த பதிலை நான் சொல்லவில்லை.

"மோதலில் உயிரிழந்த" என்று போடலாமா என்று தாசில்தார் கேட்டார். நான் எழுந்தேன். "மோதல்னா ரெண்டு பக்கமும் கை ஓங்கியிருக்கணும் மேடம். அவங்க தோள்ல பாடை இருந்துச்சு. கையில என்ன இருந்துச்சு?"

ஊர்க்காரர்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. யார் என்று பார்க்கவில்லை. "ஒருத்தன் கையில நெருப்பு இருந்துச்சுல்ல."

அதற்குப் பிறகு கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்பது எனக்கு நினைவில்லை. திரும்பி வரும்போது ஆண்டிச்சாமி அண்ணன் சொன்னார், "உயிரிழந்த" என்று முடிவாகியிருக்கிறது, மோதல் என்ற வார்த்தையையும் எடுத்துவிட்டார்கள், அதுவரை நல்லது என்று.

செப்டம்பர் 10

செல்லமுத்து வழக்கம்போல் பேத்தியைக் கொண்டுவந்து விட்டுப் போனார். பிள்ளைக்குச் சளி. ஆவி பிடிக்கச் சொன்னேன்.

செப்டம்பர் 18

எடை போடும் நாள். நான்கு பிள்ளைகள் எடை குறைந்திருக்கிறார்கள். சத்துமாவு இருப்பு இல்லை.

ஆத்தா ஒவ்வொரு நாளும் கேட்கிறாள். "கல்லு வெட்டிட்டாகளா?" வெட்டுகிறார்கள் என்கிறேன். "எழுத்து ஆழமா வெட்டச் சொல்லு. மேலாப்புல வெட்டுனா மழைக்குப் போயிரும்."

ராசாத்தி இன்று என்னிடம், "ஏங்க்கா நீங்க கட்டிக்காமயே இருந்துட்டீங்க, ஆத்தாளப் பாத்துக்கிறதுக்காகவா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

செப்டம்பர் 24

இரண்டாவது கூட்டம்.

பெயர்கள் வேண்டாம் என்கிறார்கள். பெயரைப் பார்த்தாலே எந்தச் சாதி என்று தெரிந்துவிடும், பிறகு அது எல்லோருக்குமான கல்லாக இருக்காது என்று ஊர்த்தலைவர் சொன்னார். அப்படியே பெயர் போடுவதென்றால், வழக்கு நடந்தபோது சிறையில் நெஞ்சுவலி வந்து செத்துப்போன அவர் சித்தப்பா பெயரையும் போட வேண்டுமாம். "அவரும் அந்தச் சம்பவத்தால செத்தவருதான."

ஆண்டிச்சாமி அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "வெட்டுனவன் பேரும் வெட்டுப்பட்டவன் பேரும் ஒரே கல்லுலயா?"

"கோர்ட்டுல நிரூபிச்சியா?"

"நிரூபிக்க எங்காளு உசுரோட இருந்தானா?"

இரண்டு பக்கமும் எழுந்துவிட்டார்கள். வாசலில் நின்ற போலீஸ் உள்ளே வந்தது. தாசில்தார் முகம் வெளிறிவிட்டது. எல்லோரும் உட்கார்ந்த பிறகு, "பேரே வேணாம். ஐவர் நினைவாகன்னு மட்டும் போட்டுக்கலாம்" என்றார். ஊர்த்தலைவர் அதற்கும் தலையாட்டவில்லை. ஐந்து என்று போட்டால் யார் அந்த ஐந்து பேர் என்று கேட்பார்களாம்.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "பேரும் இல்ல, எண்ணிக்கையும் இல்ல, செத்ததும் இல்லைன்னா அந்தக் கல்லு எதுக்கு மேடம்?"

அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். "டீச்சர், நவம்பர்ல ரோட்டைத் திறக்கிறாங்க. அதுக்குள்ள முடிவாகலன்னா ஃபைலை மூடிருவாங்க. அப்புறம் கல்லே கிடையாது."

அக்டோபர் 3

நர்ஸ் வீட்டுக்கு வந்து பார்த்தார். புண் எலும்பு வரை போய்விட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் இந்த வயதில் பெரிதாகச் செய்ய ஒன்றுமில்லை என்றார். நன்றாகப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்றும் சொன்னார்.

ஆத்தாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். நர்ஸ் போனதும், "தீவாளி தாண்டுவனாடி?" என்று கேட்டாள்.

"தாண்டுவ."

"கல்லு அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அக்டோபர் 15

ஆண்டிச்சாமி அண்ணன் வந்தார். இந்த முறை உட்கார்ந்தார். வெகுநேரம் காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றார்.

தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"எனக்கு அறுவது தாண்டிருச்சு பஞ்சவர்ணம். எம் பையன் திருப்பூர்ல இருக்கான், அவனுக்கு இதெல்லாம் வேணாமாம். போன வருசம் மால போடப் போனப்ப எத்தன பேரு வந்தோம் சொல்லு. எனக்கப்புறம் மனு எழுத ஆளு கெடையாது. கல்லாச்சும் வரட்டும். பேரு இல்லாட்டியும் மால போட ஒரு எடம் இருக்கும்ல."

பாதிக்கப்பட்ட ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவர் சம்மதிக்க வேண்டுமாம். மற்ற வீட்டுக்காரர்கள் போட்டுவிட்டார்கள். சேவுகன் வீட்டில் யாரும் இல்லை. அவன் அம்மா அடுத்த வருடமே போய்விட்டாள். தாளில் அவன் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டிருந்தார்கள்.

உள்ளேயிருந்து ஆத்தா, "யாரு, ஆண்டியா? கல்லு சேதிதான?" என்று கேட்டாள்.

"ஆமாஞ் சின்னாத்தா. முடிஞ்சிருச்சு. இந்த மாசம் வந்துரும்" என்றார் அவர்.

ஆத்தா பெயரில் நான் கையெழுத்துப் போட்டேன்.

அக்டோபர் 16

அங்கன்வாடிக்குப் போகவில்லை.

நவம்பர் 2

தீபாவளி போய்விட்டது. ஆத்தா தாண்டிவிட்டாள். ஒரு துண்டு அதிரசத்தைப் பாலில் கரைத்துக் கொடுத்தேன், நாக்கில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

கல் வந்து நிற்கிறது. பச்சைத்துணி போட்டு மூடியிருக்கிறார்கள். பேருந்துக்கு நிற்கும்போது காற்றில் துணி ஒதுங்கியது. படிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே படித்துவிட்டேன்.

சமூக நல்லிணக்க நினைவுத் தூண். அதற்குக் கீழே, ஒன்றுபட்டு வாழ்வோம். அதற்குக் கீழே பெரிய எழுத்தில் சட்டமன்ற உறுப்பினர் பெயர், திறந்து வைத்தவர் என்று. பிறகு முன்னிலை வகித்தவர்கள். பிறகு ஒப்பந்தக்காரர்.

எழுத்தெல்லாம் ஆழமாகத்தான் வெட்டியிருக்கிறார்கள்.

நவம்பர் 8

திறப்பு விழா. ஷாமியானா, ஒலிபெருக்கி, இரண்டு வேன் போலீஸ். காலனிக்காரர்களுக்குப் பின்வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள். செல்லமுத்து எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்தார். ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு திரும்பவில்லை.

சட்டமன்ற உறுப்பினர் அண்ணன் தம்பியாக வாழ்வதைப் பற்றிப் பேசினார். பழையதைக் கிளறக் கூடாது என்றார். ஆண்டிச்சாமி அண்ணனைக் கூப்பிட்டு ஒரு சால்வை போட்டார்கள். அவர் அதைக் கழுத்திலிருந்து எடுக்கவும் தெரியாமல், போட்டுக்கொண்டு நிற்கவும் முடியாமல் கொஞ்ச நேரம் தவித்தார். கூட்டம் கலைந்ததும் அவர் கொண்டுவந்த ஐந்து மாலைகளையும் கல்லடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தோம். எந்த மாலை யாருக்கு என்று சொல்லிக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஆத்தா கேட்டாள். "இருக்கா?"

"இருக்கு."

"என்னியக் கூட்டிட்டுப் போ."

"மழை விடட்டும் ஆத்தா."

நவம்பர் 9

மழை. ஆத்தா காலையிலிருந்து கஞ்சி குடிக்கவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொள்கிறாள். கல்லைத் தொட்டுவிட்டு வந்துதான் குடிப்பாளாம்.

நவம்பர் 10

காலையில் மழை விட்டிருந்தது. ராசாத்தியின் புருசன் ஆட்டோ கொண்டுவந்தார். ஆத்தாவைப் போர்வையோடு சுருட்டித் தூக்கினோம். ஒரு பிள்ளை எடைதான் இருந்தாள். பள்ளம் வரும்போதெல்லாம் முனகினாள், ஆனால் திரும்பிப் போகலாம் என்று சொல்லவில்லை.

விலக்கில் ஆட்டோவைக் கல்லுக்குப் பக்கத்திலேயே நிறுத்தச் சொன்னேன். மாலைகள் மழையில் அழுகிக் கிடந்தன. ராசாத்தியின் புருசன் கல்லைப் படித்தார், என்னைப் பார்த்தார், பிறகு பீடி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார்.

ஆத்தாவைக் கல்லோடு சாய்த்து உட்கார வைத்துப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டேன்.

"எங்கடி?" என்றாள்.

அவள் கையைப் பிடித்து, கைக்கு எட்டிய வரியில் வைத்தேன். அது சட்டமன்ற உறுப்பினர் பெயர் இருந்த வரி. மாண்புமிகு என்று தொடங்கி, படிப்பெல்லாம் போட்டு, அவர்கள் என்று முடிகிற வரி. ஆத்தாவுக்கு எழுத்துத் தெரியாது. ஒவ்வொரு எழுத்தாகக் குழிக்குள் விரலை விட்டுத் தடவிக்கொண்டே போனாள். வரி முடியவில்லை.

"இம்புட்டு நீளமாவா இருக்கு அவம் பேரு?"

"அப்பா பேரு, ஊருப் பேரு எல்லாஞ் சேத்துப் போட்டிருக்காக ஆத்தா."

"அப்பன் பேருமா?" என்றாள். திரும்ப முதலிலிருந்து தடவினாள். ஓரிடத்தில் நிறுத்தி, உள்ளங்கையை விரித்து அப்படியே வைத்துக்கொண்டாள். அண்ணன் சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தால் நெற்றியில் அப்படித்தான் வைப்பாள். "ஏ சாமி" என்றாள். "ஏ சாமி, எங்கய்யா போன." அழவில்லை. அழுவதற்கு உடம்பில் ஒன்றுமில்லை.

சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பேருந்துக்கு நின்ற இரண்டு பெண்கள் எங்களைப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றார்கள்.

போகலாமா என்று கேட்டேன்.

"சேவுகன் பேரு எங்கன இருக்கு?"

இத்தனை வருடத்தில் அந்தப் பெயரை ஆத்தா என்னிடம் சொன்னதே இல்லை. நானும் அவளிடம் சொன்னதில்லை.

"கீழ இருக்கு" என்றேன்.

"அதையும் ஒரு தடவ நீ தொட்டுக்க தாயி" என்றாள். "நான் பாக்க மாட்டேன்."

அவளுக்குப் பார்வை போய் நாலைந்து வருடமாகிறது. இருந்தும் முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஒப்பந்தக்காரர் பெயருக்குக் கீழே எதுவும் வெட்டாத இடம் ஒரு சாண் அளவு இருந்தது. அங்கே கையை வைத்தேன். வழவழவென்று, மழை ஈரத்தோடு சில்லென்று இருந்தது.

"தொட்டியா?"

"தொட்டேன்" என்றேன்.